பஸ்காவும் திருவிருந்தும்: எங்கே இணைகிறது, எங்கே நாமாக இணைக்கிறோம்?

வேதபாட_உதவி:
பெரிய வியாழன் மாலை ஒரு மணி நேர வேதபாடம். யாத்திராகமம் 12-இல் (இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான இரவின் பஸ்கா) தொடங்கி 1 கொரிந்தியர் 11-இல் (இயேசு ஏற்படுத்திய திருவிருந்து) முடிக்க வேண்டும். தயாரிக்கும்போது மூன்று இடத்தில் சிக்கல். இயேசு சாப்பிட்டது பஸ்கா விருந்துதானா? யோவான் வேறு நாள் சொல்வதுபோல் இருக்கிறதே. இரண்டாவது, வாலிபர் குழு செதேர் (யூதர் இன்று பஸ்கா இரவில் நடத்தும் சடங்கு விருந்து) மேசை போட்டு விளக்கலாம் என்கிறது, அது சரிவருமா? மூன்றாவது, அப்பம் புளிப்பில்லாததாகத்தான் இருக்க வேண்டுமா? "ஆட்டுக்குட்டி = இயேசு" என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் விவரமாகச் சொல்லுங்கள், ஐயாமாரே.

நிசான்14:
முதலில் யாத்திராகமம் 12-ஐ வரிசையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

முதல் மாதம் 10-ஆம் தேதி குட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரு வயது, ஆண், பழுதற்றது. செம்மறியோ வெள்ளாடோ, இரண்டும் செல்லும் (வசனம் 5). 14 வரை வீட்டில் வைத்திருந்து அன்று சாயங்காலம் அடிக்க வேண்டும். இரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்து, ஈசோப்புச் செடிக் கொத்தைத் தோய்த்து, வாசலின் இரண்டு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் தெளிக்க வேண்டும். வாசற்படியில் இல்லை. அன்று ராத்திரியே இறைச்சியைச் சாப்பிட வேண்டும்: நெருப்பில் சுட்டது மட்டும், பச்சையாகவோ தண்ணீரில் அவித்தோ கூடாது. கூடவே புளிப்பில்லா அப்பம், கசப்பான கீரை. எலும்பை முறிக்கக் கூடாது, வீட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, விடியுமட்டும் மீதி வைக்கக் கூடாது. வீட்டில் ஆள் குறைவென்றால் அண்டை வீட்டாரோடு சேர்ந்துகொள்ளலாம்.

இரத்தம் பூசுவதோடு காரியம் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். அதிகாரத்தின் பெரும்பகுதி எப்படிச் சாப்பிட வேண்டும், யார் சாப்பிடலாம் என்பதைப் பற்றியது. நம்முடைய பிரசங்கங்களில் இரத்தத்துக்கு 50 நிமிடம், சாப்பாட்டுக்கு 2 நிமிடம். திருவிருந்தோடு நேராக இணைகிற பகுதி அந்த 2 நிமிடத்தில் மாட்டிக்கொள்கிறது. வாசலில் பூசிய இரத்தத்துக்கு இணையாகச் சிலுவையைச் சொன்னால், உள்ளே உட்கார்ந்து புசித்ததற்கு இணை பந்திதான். "நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்து நமக்காகப் பலியிடப்பட்டிருக்கிறாரே" என்று எழுதின பவுல், அடுத்த வசனத்திலேயே (1 கொரி. 5:8) "ஆதலால் பண்டிகையை ஆசரிக்கக்கடவோம்" என்கிறார். பலி நடந்தாயிற்று, இனி விருந்துதான் என்பது அவர் வாதம்.

இன்னொன்று. பஸ்கா ஆடு லேவியராகமம் சொல்கிற பாவநிவாரண பலி அல்ல. பாடத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

கல்வாரி_சாட்சி:
> பஸ்கா ஆடு பாவநிவாரண பலி அல்ல

இது புதிதாக இருக்கிறதே, பிரதர். "உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்று யோவான் 1:29 சொல்லவில்லையா?

நிசான்14:
சொல்கிறது. பலி முறையைப் பார்ப்போம். பாவநிவாரண பலியின் இறைச்சியை ஆசாரியர்கள் மட்டும் பரிசுத்த ஸ்தலத்தில் புசிக்க வேண்டும். இரத்தம் உள்ளே கொண்டுபோகப்பட்டால் இறைச்சியைச் சுட்டெரித்துவிட வேண்டும் (லேவி. 6:26-30). கொண்டுவந்தவன் அதில் ஒரு துண்டும் தொட முடியாது. பஸ்காவையோ வீட்டார் எல்லாரும், பிள்ளைகள் உட்பட, புசிக்கிறார்கள். அன்றே சாப்பிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்ற விதி லேவி. 7:15-இல் ஸ்தோத்திரமான சமாதான பலிக்கும் இருக்கிறது. குணத்தில் பஸ்கா அந்தப் பக்கம் சாய்கிறது. பண்டிகை நாட்களில் பாவநிவாரணத்துக்கென்று ஒரு வெள்ளாட்டுக்கடாவைத் தனியாகச் செலுத்தினார்கள் (எண். 28:22). பஸ்கா ஆடே அந்த வேலையைச் செய்திருந்தால் அது எதற்கு?

யோவான் ஸ்நானன் சொன்னதில் பஸ்கா ஆடும் ஏசாயா 53-இன் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டி 53:7, அநேகருடைய பாவத்தைச் சுமந்தவர் 53:12. கிறிஸ்துவின் மரணம் பழைய ஏற்பாட்டின் ஒரே ஒரு பலிக்குள் அடங்காது. பஸ்கா விடுதலையையும் பந்தியையும் காட்டுகிறது. பாவமன்னிப்பைக் காட்ட மற்ற பலிகளும் வேண்டும்.

கடைசி விருந்தில் இயேசு பாத்திரத்தின்மேல் சொன்ன வார்த்தைகளைப் பாருங்கள். "உடன்படிக்கைக்குரிய என்னுடைய இரத்தம்" என்பது யாத்திராகமம் 12 அல்ல. 24:8-இல் சீனாய் மலையடியில் மோசே ஜனங்கள்மேல் இரத்தத்தைத் தெளித்துச் சொன்னது. "புது" என்பது எரேமியா 31:31. "அநேகருக்காக" என்பது ஏசாயா 53. பஸ்கா ராத்திரியில் உட்கார்ந்துகொண்டு இந்த மூன்றையும் ஒரு பாத்திரத்தில் வைத்தார். வேதபாடம் 12-இலிருந்து நேரே 1 கொரிந்தியருக்குத் தாவினால் 24 விட்டுப்போகும். அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். 24:11-இல் மூப்பர்கள் தேவனைத் தரிசித்துப் புசித்துக் குடித்தார்கள் என்றும் இருக்கிறது.

மிஷ்னா_வாசகன்:
இயேசுவின் காலத்து நடைமுறையையும் சொன்னால்தான் படம் முழுமையாகும். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில் பெசாகிம் என்ற பகுதி முழுக்க இதுதான். எல்லா விவரமும் கி.பி. 30-க்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆலய நடைமுறை பற்றிய பகுதிகளில் பழைய நினைவு நிறைய இருக்கிறது.

அப்போது இரத்தம் வாசலில் பூசப்படவில்லை. எருசலேம் ஆலயத்தில் ஜனங்கள் மூன்று கூட்டமாக உள்ளே விடப்பட்டார்கள். ஆட்டைக் கொண்டுவந்தவரே அடிக்கலாம். ஆசாரியர்கள் வரிசையாக நின்று, பொன் வெள்ளிக் கிண்ணங்களில் இரத்தத்தைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றிப் பலிபீடத்தண்டை கொண்டுபோய் ஊற்றுவார்கள். அந்தக் கிண்ணங்களுக்குத் தட்டையான அடிப்பாகம் கிடையாது. கீழே வைத்துவிட்டால் இரத்தம் உறைந்துவிடும், வைக்கவே முடியாதபடி செய்திருந்தார்கள். லேவியர் அல்லேல், அதாவது சங்கீதம் 113 முதல் 118 வரை, பாடுவார்கள். இறைச்சி வீட்டுக்குப் போகும். ஆக, இரத்தம் பலிபீடத்தில், சாப்பாடு மேசையில்.

சுடும் முறை: மாதுளை மரக்குச்சியில் வாயிலிருந்து குத்தி முழு ஆடாகச் சுடுவார்கள். இரும்புக் கம்பி கூடாது. கம்பி சூடேறி உள்ளிருந்து வேகவைத்தால் அது "நெருப்பில் சுட்டது" ஆகாது. 2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், ஒரு குச்சி நீளவாக்கிலும் இன்னொன்று முன்னங்கால்களைத் தாங்கக் குறுக்கேயும் குத்தப்பட்டது என்று எழுதி, அதைச் சிலுவை வடிவமாகக் காட்டுகிறார். குறுக்குக் குச்சி மிஷ்னாவில் இல்லை. அவர் சமாரியா தேசத்துக்காரர், சமாரியரின் வழக்கத்தைச் சொல்லியிருக்கலாம் என்பார்கள். சமாரியர் இன்றும் கெரிசீம் மலையில் ஆடு அடித்துத்தான் பஸ்கா ஆசரிக்கிறார்கள்.

யார் சாப்பிடலாம் என்பதற்கு மிஷ்னா தரும் சுருக்கம்: ராத்திரியில் மட்டும், நடுராத்திரி வரை மட்டும், அந்த ஆட்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் மட்டும், சுட்டது மட்டும். ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஓர் ஒலிவக்காய் அளவு கிடைக்க வேண்டும். அந்த அளவு வராதபடி ஆட்களைச் சேர்க்கக் கூடாது. வழியில் போகிறவன் எட்டிப் பார்த்து ஒரு துண்டு எடுக்க முடியாது. எலும்பை முறித்தவனுக்கு 40 அடி.

வேதபாட_உதவி:
அடிப்பாகம் இல்லாத கிண்ணம்! இது பாடத்தில் கண்டிப்பாக உண்டு. சரி, நாள் பிரச்சினைக்கு வருவோமா?

நிசான்14:
நான்கு சுவிசேஷங்களும் ஒத்துக்கொள்வது: இயேசு மரித்தது வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளி நிசான் (யாத். 12 சொல்லும் முதல் மாதம்) 14-ஆ 15-ஆ என்பதில்தான் வேறுபாடு. மாற்கு 14:12, லூக்கா 22:7-8 படி பஸ்காவைப் பலியிடும் நாளில் ஆயத்தம் செய்து ராத்திரி சாப்பிட்டார்கள். அப்படியானால் வெள்ளி 15. யோவான் 18:28-இல் வெள்ளி காலையிலும் ஆசாரியர்கள் இன்னும் பஸ்காவைப் புசிக்கவில்லை. தீட்டுப்படாதபடி தேசாதிபதியின் அரமனைக்குள் போகாமல் நிற்கிறார்கள். 19:14 அதைப் பஸ்காவுக்கு ஆயத்த நாள் என்கிறது. அப்படியானால் வெள்ளி 14, ஆடுகள் அடிபடும் பிற்பகலில் இயேசு சிலுவையில் இருக்கிறார்.

தீர்வுகள் மூன்று வகை. ஒன்று: யோவானின் "பஸ்கா" ஏழு நாள் பண்டிகையின் மற்ற பலி விருந்துகளையும் குறிக்கும், "ஆயத்த நாள்" என்பது ஓய்வுநாளுக்கு முந்தின வெள்ளி. இரண்டு: யோவானின் தேதிதான் சரி, இயேசு ஒரு நாள் முந்திப் பஸ்கா முறையிலான விருந்தை நடத்தினார். மூன்று: இரண்டு நாள்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. 1957-இல் அன்னி ஜோபேர் என்ற ஆய்வாளர் கும்ரான் (சாக்கடல் சுருள்கள் கிடைத்த இடம்) வட்டாரத்தின் 364 நாள் சூரிய நாள்காட்டியை வைத்து விருந்தைச் செவ்வாய் இரவுக்குக் கொண்டுபோனார். என் கணிப்பில் மூன்றாவதுதான் பலவீனமானது. ஆடு ஆலயத்தில் அடிபட வேண்டும், ஆலயம் தன் நாள்காட்டியில்தான் இயங்கும்.

வகுப்பில் இதைத் தீர்த்துவைக்க முயலாதீர்கள். ஒரு விஷயத்தை மட்டும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். யூத நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. வியாழன் இரவு விருந்தும் வெள்ளி பிற்பகல் மரணமும் ஒரே தேதிக்குள் வருகின்றன. யோவான் கணக்கில் இரண்டும் 14, மற்ற மூவர் கணக்கில் இரண்டும் 15. எந்தப் பக்கம் நின்றாலும் மேசையும் சிலுவையும் ஒரே நாள்.

கல்வாரி_சாட்சி:
அருமை. ஆனால் மேசையில் ஆடு இருந்ததா? சுவிசேஷத்தில் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோமே.

மிஷ்னா_வாசகன்:
இருந்ததென்றும் இல்லையென்றும் எழுதப்படவில்லை. முதல் மூன்று சுவிசேஷங்களின்படி போனால் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கையில் எடுத்து விளக்கம் சொன்னது அப்பத்தையும் பாத்திரத்தையும். கி.பி. 70-இல் ஆலயம் இடிந்தபின் யூத மேசையிலும் ஆடு நின்றுவிட்டது. இன்றைய செதேர் தட்டில் இருப்பது சுட்ட எலும்பு, நினைவுக்கு. ஆடு எருசலேமோடு கட்டுண்டது (உபா. 16:5-6). அப்பமும் ரசமும் கொரிந்துவிலும் கிடைக்கும்.

பாத்திரங்கள் பற்றி: மிஷ்னா நான்கு பாத்திரம் சொல்கிறது, தர்மத்தில் வாழும் ஏழைக்கும் நான்குக்குக் குறையக் கூடாது. ஒவ்வொன்றையும் "கலக்க" வேண்டும், அதாவது ரசத்தில் தண்ணீர் சேர்ப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஸ்தோத்திர ஜெபத்தோடு வருவது மூன்றாவது. லூக்கா 22:17-20-இல் அப்பத்துக்கு முன் ஒன்று, "போஜனம்பண்ணினபின்பு" ஒன்று. பவுல் "ஆசீர்வாதத்தின் பாத்திரம்" என்பது (1 கொரி. 10:16) இந்த மூன்றாவதோடு நன்றாகப் பொருந்துகிறது. மாற்கு 14:26-இல் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனது அல்லேலின் கடைசிப் பகுதியாக இருக்கலாம். அதில்தான் வீடுகட்டுகிறவர்கள் தள்ளின கல் வருகிறது (சங். 118:22).

நான்காவது பாத்திரத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சிலுவையில் காடியாகக் குடித்தார் என்ற விளக்கம் இணையத்தில் பிரபலம். அழகுதான். ஆனால் நான்கு என்ற எண்ணிக்கை அந்த அறையில் நிலைத்திருந்தது என்பதற்கு முதல் நூற்றாண்டு ஆதாரம் இல்லை. "ஒரு கருத்து" என்று சொல்லுங்கள், உண்மை என்று சொல்லாதீர்கள்.

போதகர்_குறிப்பு:
செதேர் மேசை கேள்விக்கு நான் வருகிறேன். போடவேண்டாம் என்பது என் கருத்து.

இன்றைய செதேரின் பல பகுதிகள் ஆலயம் இடிந்தபின் உருவானவை. தட்டில் முட்டை, எலியாவின் பாத்திரம், நடு அப்பத்தை உடைத்துத் துணியில் சுற்றி ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவது, எல்லாம் பிற்கால வழக்கம். மூன்று அப்பம் திரித்துவம், உடைந்த நடு அப்பம் குமாரன், ஒளித்துவைப்பது அடக்கம், கண்டெடுப்பது உயிர்த்தெழுதல் என்று விளக்குகிறார்கள். இயேசு பார்த்தே இராத ஒரு சடங்கில் அவர் தம்மைக் காட்டினார் என்று கற்பிப்பதாகும் அது. அதோடு, இன்னொரு மதத்தார் இன்றைக்கும் உயிரோடு ஆசரிக்கிற வழிபாட்டை நாம் நாடகமாகப் போடுகிறோம். அவர்களுக்கு அது வலிக்கும்.

பதிலாக: மேசையில் கசப்பான கீரை, புளிப்பில்லா அப்பம், திராட்சரசம் மட்டும் வைத்து யாத். 12-ஐ வாசியுங்கள். 12:26-இல் பிள்ளைகள் கேட்கும் "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்ற கேள்வியை ஒரு சிறுபிள்ளை கேட்கட்டும். பிறகு 24:3-11, எரேமியா 31:31-34, லூக்கா 22:14-20, 1 கொரி. 11:23-29. இடையிடையே அல்லேல் சங்கீதங்கள். வாசிப்புக்கு 25 நிமிடம் போதும். ஆடு சமைத்து வைக்காதீர்கள். கவனமெல்லாம் சாப்பாட்டுக்குப் போய்விடும்!

மறைக்கல்வி:
கத்தோலிக்கத் தரப்பிலிருந்து. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியின் முதல் வாசகமே விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 12:1-8, 11-14, இரண்டாவது 1 கொரிந்தியர் 11:23-26. நீங்கள் கோர்க்க நினைக்கிற இரண்டு பகுதிகளும் அங்கே ஏற்கெனவே அடுத்தடுத்து இருக்கின்றன. அப்பத்தைப் பிட்கும்போது பாடும் "இறைவனின் செம்மறியே" மன்றாட்டை உரோமைத் திருப்பலியில் சேர்த்தவர் திருத்தந்தை முதலாம் செர்ஜியுஸ் (687-701). பாஸ்கா ஆட்டை உண்ணும் வேளை அதுதான் என்பது அந்த இடத்தில் வெளிப்படுகிறது.

அப்பம்: திருச்சபைச் சட்டம் 924, 926. கோதுமை மட்டும், அண்மையில் செய்தது, இலத்தீன் முறையில் புளியாதது. தேன், பால், சர்க்கரை சேர்க்கக் கூடாது. குளுட்டன் ஒவ்வாதவர்களுக்கு 2003-இல் தெளிவாக்கினார்கள்: குளுட்டன் குறைந்த கோதுமை அப்பம் செல்லும், அறவே இல்லாதது செல்லாது. முற்றிலும் முடியாதவர் இரசத்தை மட்டும் பெறலாம்.

கிழக்குத்_திருமுறை:
பைசாந்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் புளித்த அப்பம்தான். புளிப்பை உயிர்த்தெழுதலின் அடையாளமாகப் பார்க்கிறோம். 11-ஆம் நூற்றாண்டில் கிழக்கும் மேற்கும் இதற்காகவே கடுமையாக மோதின. ஆர்மேனியர் கிழக்கத்தியர்தான், ஆனால் புளிப்பில்லாததைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே "கிழக்கு என்றால் புளித்தது" என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

ஆராதனைக்கு முன் குருவானவர் முத்திரை பதித்த அப்பத்தின் நடுவிலிருந்து சிறிய ஈட்டி வடிவக் கத்தியால் ஒரு சதுரத் துண்டை நான்கு பக்கமும் அறுத்து எடுப்பார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஏசாயா 53-இன் ஒரு வரி. அந்தத் துண்டின் பெயரே "ஆட்டுக்குட்டி". பிறகு அடிப்பக்கம் சிலுவையாகக் கீறி, பக்கவாட்டில் குத்தி, கிண்ணத்தில் ரசமும் தண்ணீரும் ஊற்றுவார். பஸ்கா எங்கே என்று கேட்டால் அந்த மேசையைக் காட்டலாம்.

வேதபாட_உதவி:
எங்கள் சபையில் விதி எதுவும் இல்லை. இந்த முறை புளிப்பில்லா அப்பம் நாங்களே சுடலாமென்று முடிவு. எப்படி?

போதகர்_குறிப்பு:
நூறு பேருக்கு: 200 கிராம் கோதுமை மாவு, 100 மில்லி தண்ணீர். தவிடு கலந்த மாவென்றால் 115 வரை போகும். உப்பு, எண்ணெய், ஈஸ்ட் எதுவும் வேண்டாம். "தானே உப்பும்" மாவு வாங்கிவிடாதீர்கள், அதில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும். ஓவனை முதலில் 230 டிகிரியில் சூடாக்கி, தட்டையும் உள்ளேயே வைத்திருங்கள். அதற்குப் பின்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். யூத விதிப்படி தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து 18 நிமிடத்துக்குள் ஓவனுக்குள் போக வேண்டும், அதற்கு மேல் போனால் மாவு தானாகப் புளிக்கத் தொடங்கியதாகக் கணக்கு. நமக்குக் கட்டாயமில்லை, ஆனால் அந்த வேகத்தில் செய்தால் அப்பம் நன்றாகவும் வரும்.

நான்கு உருண்டை, ஒவ்வொன்றும் 18 செ.மீ. வட்டம், 2 மி.மீ. கனம். முள்கரண்டியால் முழுக்கக் குத்துங்கள், குத்தாவிட்டால் நீராவி அடைத்துப் பூரி மாதிரி எழும்பிவிடும். கத்தியின் முதுகால் கட்டம் கட்டமாகக் கீறிவிட்டால் பிட்கும்போது நேராக உடையும். 5 முதல் 7 நிமிடம். அதிகம் வெந்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், துணுக்குகள் தரையில் சிந்தும். குறைவாக வெந்தால் மெல்ல முடியாது, இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். ஆறிய பிறகு மூடுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துவிடும்.

கல்வாரி_சாட்சி:
ரசம் எவ்வளவு? புளித்ததா, வெறும் சாறா?

போதகர்_குறிப்பு:
தனிக் கிண்ணங்களில் ஆளுக்கு 10 மில்லி, நூறு பேருக்கு 1 லிட்டர். சிந்துவதற்கு இன்னும் 100 சேர்த்துக்கொள்ளுங்கள். புளிக்காத சாறு 1869-இல் தாமஸ் வெல்ச் சாற்றைச் சூடாக்கிப் புளிப்பை நிறுத்தியபின் பரவியது. அதற்கு முன் சாற்றை வருஷம் முழுக்கக் கெடாமல் வைக்க எளிய வழி இல்லை. "இயேசு குடித்தது சாறுதான்" என்று வாதாட வேண்டாம். திராட்சை அறுவடையாகி ஆறு மாதத்துக்குப் பின் வரும் பண்டிகை பஸ்கா. சபை சாறு பயன்படுத்துவதற்கு மதுவிலக்கு, குடிநோயிலிருந்து மீள்கிறவர்கள் என்று நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொன்னால் போதும்.

நிசான்14:
பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பஸ்காவில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், விருத்தசேதனமில்லாதவன் சாப்பிடவில்லை (யாத். 12:48). ஆர்த்தடாக்ஸ் சபை ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கும் கொடுக்கிறது, யாத். 12-இன் தர்க்கம் அது. 1 கொரி. 11:28-இன் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்பதை முன்வைக்கிறவர்கள் வயது வரட்டும் என்கிறார்கள். கத்தோலிக்கர் 1910-லிருந்து ஏறத்தாழ 7 வயது. உங்கள் சபை நடைமுறையைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறைதானே என்று கேட்டால், யெகோவாவின் சாட்சிகள் அப்படித்தான் நிசான் 14-இல் ஆசரிக்கிறார்கள். ஆனால் பவுல் எழுதியது "பானம்பண்ணும்போதெல்லாம்" (11:25). அப்போஸ்தலர் 20:7-இல் வாரத்தின் முதல்நாளில் அப்பம் பிட்கிறார்கள்.

வேதபாட_உதவி:
கடைசியாக ஒன்று. மீந்த அப்பத்தை என்ன செய்வது? விடியுமட்டும் வைக்கக் கூடாது என்ற விதி நமக்கும் உண்டா?

மறைக்கல்வி:
எங்களிடம் மீதி அப்பம் நற்கருணைப் பேழையில் வைக்கப்படும், நோயாளிகளுக்குக் கொண்டுபோகவும் ஆராதனைக்கும். இரசத்தை அப்போதே பருகி முடித்துவிட வேண்டும். பெரிய வியாழன் அன்று மறுநாளுக்கும் சேர்த்தே அப்பத்தை அர்ச்சிப்பார்கள், வெள்ளியன்று திருப்பலி கிடையாது.

போதகர்_குறிப்பு:
1662 ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் மீதியை ஆலயத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, ஆசீர்வாதம் முடிந்ததும் குருவும் இன்னும் சிலரும் பயபக்தியோடு புசித்துக் குடித்துவிட வேண்டும் என்கிறது. யாத். 12:10 நேரடிக் கட்டளையாக நம்மேல் இல்லை, ஆனால் அந்த ஒழுங்கு நல்லது. நூறு பேருக்கு நான்கு அப்பமும் தாராளம். முதலில் மூன்றை மட்டும் தட்டில் வையுங்கள், நான்காவதை மூடி வைத்து, தேவைப்பட்டால் மட்டும் ஜெபத்துக்கு முன் சேர்த்துக்கொள்ளுங்கள்.